இணையவழியில் மட்டும் வேலை செய்யும் ஆலோசகருக்குத் தொழில் அடையாளம் எதிலிருந்து வரும்?

கேள்வி: கரைவழி

வணக்கம். கவுன்சலிங் பயிற்சி முடித்துவிட்டு இப்போது முழுக்க இணையவழியில்தான் வேலை செய்கிறேன். கொஞ்சம் வீடியோ, கொஞ்சம் தொலைபேசி, பெரும்பகுதி எழுத்து அரட்டை. க்ளையன்ட்டுகள் ஒரு தளத்தின் வழியாக வருகிறார்கள். செஷன் முடிந்ததும் நட்சத்திர மதிப்பீடு போடுவார்கள். தளம் பார்ப்பது அதை மட்டும்தான். உடன் வேலை செய்யும் மற்ற ஆலோசகர்களைக் கண்ணால் பார்ப்பதே இல்லை.

வேலை நடக்கிறது. ஆனால் "நான் ஒரு ஆலோசகர்" என்ற உறுதி எதிலிருந்து வரவேண்டும் என்பது பிடிபடவில்லை. வீடியோவில் ஒரு மாதிரி இருக்கிறேன். அரட்டையில் சேவை மையத்தில் பதில் தட்டுகிறவரைப் போல ஆகிவிடுகிறேன். சூப்பர்விஷனுக்கு (அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவரிடம் என் வேலையைப் பற்றித் தொடர்ந்து பேசிக் கற்பது) எதைக் கொண்டுபோவது, தளத்தில் என்னைப் பற்றி எவ்வளவு எழுதுவது என்பதிலும் தெளிவில்லை. ஊக்கச் சொற்களைவிட, செய்து பார்க்கக்கூடியதாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில்: நிழல்மரம்

அந்த நட்சத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஆலோசகர்களின் தொழில் அடையாளம் எப்படி உருவாகிறது என்று கிப்சன், டாலர்ஹைட், மாஸ் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு மூன்று மாற்றங்களைச் சொல்கிறது. கவுன்சலிங் என்றால் என்ன என்பதற்குப் பாடப்புத்தக வரையறை போய்ச் சொந்த வரையறை வருவது ஒன்று. வளர்ச்சிக்கான பொறுப்பு ஆசிரியரிடமிருந்து தன் கைக்கு வருவது அடுத்தது. தன்னை ஒரு தொழில் சமூகத்தின் அங்கமாக உணர்வது மூன்றாவது. மூன்றுக்கும் திசை ஒன்றே: "நன்றாகச் செய்தாய்" என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லவேண்டிய நிலை மாறி, தன் வேலையைத் தானே எடைபோடும் நிலை வருகிறது.

ஒரு கவுன்சலிங் மையத்தில் நேரில் வேலை செய்பவருக்கு இந்தப் பயணத்தில் துணைக்கு நிறைய இருக்கிறது. "இது என் பயிற்சிக்குள் வராது" என்று மூத்தவர் ஒருவர் ஒரு கேஸை வேறொருவருக்கு மாற்றுவதைப் பார்க்கலாம். இரண்டு செஷன்களுக்கு நடுவே, வந்து நிற்கும் சந்தேகத்தை இரண்டு வார்த்தையில் கேட்டுவிடலாம். யாரும் பாடமாக நடத்தாத பாடங்கள் இவை. வீட்டிலிருந்து திரை வழியாக மட்டும் வேலை செய்யும்போது இவ்வளவும் காணாமல் போய், அந்த வெற்றிடத்தில் நட்சத்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நட்சத்திரம் அந்த நேரத்து நிம்மதியை அளக்கிறது. ஆறுதல் சொன்னால் ஏறும். க்ளையன்ட் திரும்பத் திரும்பத் தவிர்த்துவரும் ஒன்றை மென்மையாகத் தொட்டாலும் இறங்கக்கூடும். இதையே பார்த்துக்கொண்டிருப்பவர் நாளடைவில் தன்னையறியாமலே ஆறுதல் பக்கம் சாய்ந்துவிடுவார். சேவை மையப் பணியாளர் போல ஆகிவிடுவதாகச் சொன்னீர்களே, அதற்கு இது பெரிய காரணம்.

செய்யவேண்டியது, சூப்பர்விஷனை அந்த வெற்றிடத்துக்கு ஏற்ற வடிவில் அமைப்பது. அரட்டையில் உங்களுக்கு ஓர் அரிய வசதி இருக்கிறது: பேசியது முழுவதும் எழுத்தாகக் கையில் இருக்கிறது. க்ளையன்ட்டின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, பெயர், ஊர், வேலையிடம் போன்ற அடையாளங்களை எல்லாம் நீக்கிவிட்டு, ஒரு செஷனின் நடுப்பகுதியிலிருந்து உங்களுடைய பதில்கள் 15-ஐத் தொடர்ச்சியாக எடுங்கள். நன்றாக வந்த பகுதியாகத் தேடி எடுத்தால் பயிற்சியே வீண். ஒவ்வொரு பதிலுக்கும் ஓரத்தில் குறி போடுங்கள்: பிரதிபலிப்பு (க்ளையன்ட் சொன்னதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்வது), திறந்த கேள்வி (விரிவாகப் பேசவைப்பது), மூடிய கேள்வி (ஆம், இல்லை என்று முடிவது), தகவல், அறிவுரை, ஆறுதல். பிறகு எண்ணிப் பாருங்கள்.

புதியவர்களின் அரட்டையில் பெரும்பாலும் கேள்வியும் ஆறுதலும்தான் மேலோங்கி நிற்கும். காரணம் மௌனம். நேரில் 20 விநாடி மௌனம் ஒருவர் யோசிப்பதாகத் தெரியும். அரட்டையில் அதே 20 விநாடி இணைப்பு அறுந்ததுபோலத் தெரியும். பதற்றத்தில் ஆலோசகர் அடுத்த கேள்வியை அனுப்பிவிடுகிறார். க்ளையன்ட் முதல் கேள்விக்கான பதிலைப் பாதி தட்டியிருப்பார். அதை அழித்துவிட்டு இரண்டாவதற்குப் பதில் எழுதுவார். அழிந்துபோன அந்தப் பாதியில்தான் சொல்ல வந்தது இருந்திருக்கும். முதல் செஷனிலேயே மௌனத்தைப் பற்றிப் பேசி வைத்தால் இது தீரும்: "யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ஒரு புள்ளி மட்டும் அனுப்புங்கள், நான் காத்திருப்பேன். மூன்று நிமிடம் எதுவும் வராவிட்டால் நானே கேட்கிறேன்."

வீடியோ செஷனுக்கு வேறு முறை. பதிவு செய்யத் தனி ஒப்புதல் வாங்குங்கள்; கோப்பைக் குறியாக்கம் செய்து வையுங்கள்; எந்த நாளில் அழிப்பீர்கள் என்பதையும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். சூப்பர்வைசருடன் பார்க்க 10 நிமிடப் பகுதி போதும். நார்மன் கேகன் உருவாக்கிய நினைவுமீட்பு முறை இதற்கு மிகவும் பொருந்தும். பதிவை நிறுத்தும் பொத்தான் உங்கள் கையில் இருக்கும். உள்ளே ஏதோ அசைந்த இடத்தில் நிறுத்தி, அப்போது என்ன நினைத்தீர்கள், சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன, க்ளையன்ட் உங்களை எப்படிப் பார்க்கிறார் என்று தோன்றியது என்பதைச் சொல்லவேண்டும். சூப்பர்வைசர் கேட்பார், மதிப்பெண் போடமாட்டார்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புவது இதை. எந்தக் கேஸையும் சூப்பர்விஷனுக்குக் கொண்டுபோகும் முன் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: இங்கே என்ன நடக்கிறது என்று நினைக்கிறேன்; நான் செய்தது என்ன, ஏன்; செய்யலாம் என்று யோசித்துக் கைவிட்டது என்ன. "இது சரியா?" என்ற கேள்வியோடு போனால் சூப்பர்வைசர் இன்னொரு நட்சத்திரமாகிவிடுவார். பெர்னார்ட் 1979-இல் முன்வைத்த மாதிரியில் சூப்பர்வைசருக்கு ஆசிரியர், ஆலோசகர், கலந்துரையாடும் சக தொழிலர் என்று மூன்று பாத்திரங்கள் உண்டு. இன்று எந்தப் பாத்திரம் வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். நெருக்கடிக் கேஸில் ஆசிரியர் வேண்டியிருக்கும், அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் மாதங்கள் போன பிறகும் எல்லாக் கேஸுக்கும் ஆசிரியரையே கேட்டுக்கொண்டிருந்தால், எது தடுக்கிறது என்று அவரிடமே பேசவேண்டிய நேரம் அது.

---

பதில்: மசிமுனை

நிழல்மரம் சொன்னதோட, எழுத்து அரட்டை பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். "வீடியோவுல ஒரு ஆள், அரட்டையில வேற ஆள்"ங்கிறது நிறைய பேருக்கு இருக்கிற சிக்கல்.

ஜான் சூலர் 2004-ல எழுதின கட்டுரையில, இணையத்துல மனுஷங்க ஏன் கட்டவிழ்ந்து பேசறாங்கங்கிறதுக்கு ஆறு காரணம் சொல்றார். நம்ம வேலைக்கு ரொம்ப முக்கியம்னா மூணு. முகம் தெரியாததால வர்ற துணிச்சல் ஒண்ணு. எதிர்ல இருக்கிறவரோட குரலையும் குணத்தையும் வாசிக்கிறவரே மனசுக்குள்ள கற்பனை பண்ணிக்கிறது இன்னொண்ணு. அதிகாரத்தோட அடையாளங்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியாததால படிநிலை கரைஞ்சுபோறது மூணாவது.

முதலாவதால என்ன ஆகும்னா, நேர்ல பல செஷன் கழிச்சு வர்ற விஷயம் அரட்டையில முதல் கால் மணி நேரத்துலயே வந்து விழும். கேட்டுட்டோம், நம்பிக்கை வந்துடுச்சுன்னு நினைக்கக் கூடாது. சொன்னவர் அடுத்த நாள் அதைத் திரும்ப வாசிச்சுக் கூசிப்போய், வராமலே இருந்துடலாம். அதனால அங்கயே வேகத்தைக் குறைக்கணும்: "இதை எழுதினதுக்கு நன்றி. இன்னைக்கே முழுசும் எழுதணும்னு இல்ல. எழுதின பிறகு இப்போ எப்படி இருக்கீங்க?" செஷன் முடியற பத்து நிமிஷத்துக்கு முன்னாடி திரும்ப ஒரு தடவை கேளுங்க: "நாளைக்கு இதை நினைச்சா 'ஏன் சொன்னோம்'னு தோணலாம். தோணினா அதையும் கொண்டு வாங்க."

ரெண்டாவது காரணம் ரெண்டு பக்கமும் வேலை செய்யும். நீங்க சாதாரணமா எழுதின "சரி"யை க்ளையன்ட் சலிப்பா வாசிக்கலாம். அதே மாதிரி அவர் எழுதின ஒத்தை வரி உங்களுக்குக் கோபமா கேக்கும். இதுக்கு மர்ஃபியும் மிட்செல்லும் 1998-ல மின்னஞ்சல்வழி கவுன்சலிங் பத்தி எழுதினப்போ ஒரு உத்தி சொன்னாங்க: உணர்வையும் அந்த நேரத்து நிலையையும் அடைப்புக்குறிக்குள்ள எழுதிக் காட்டறது. உதாரணத்துக்கு:

"அப்பா கூப்பிட்டும் நீங்க போகலன்னு எழுதியிருக்கீங்க [இந்த வரிகிட்ட கொஞ்சம் நின்னுட்டேன், திரும்ப வாசிச்சேன்]. போகாததுல ஒரு நிம்மதியும் இருந்துச்சோ? [தப்பு சொல்ற தொனியில கேக்கல]"

இது அளவா இருக்கணும். ஒவ்வொரு வரிக்கும் போட்டா நாடக வசனம் மாதிரி ஆயிடும். தொனி ரெண்டு விதமா வாசிக்கப்படக்கூடிய இடத்துல மட்டும் போதும்.

மூணாவதுதான் உங்க கேள்விக்கு நேரடியான பதில். அறை, நாற்காலி, சுவத்துல மாட்டின சான்றிதழ் எதுவும் இல்லாதப்போ "நான் யாரு"ங்கிறதை எழுத்தே சுமக்கணும். அந்தச் சுமை தாங்காம புதுசா வர்றவங்க ரெண்டு பக்கம் சரியறாங்க. சிலர் சுற்றறிக்கை நடைக்குப் போயிடுவாங்க: "தங்கள் உணர்வுகள் புரிந்துகொள்ளப்படுகின்றன." சிலர் தோழமைன்னு நினைச்சு எமோஜியும் "ஐயோ பாவம்"மும் போடுவாங்க. க்ளையன்ட் பேச்சு நடையில எழுதினா நீங்களும் பேச்சு நடைக்கு வரலாம், அதுல தப்பே இல்ல. ஆனா "நீங்க"வை விடாதீங்க. அவர் "டா" போட்டுப் பேசினாலும் நீங்க உங்க இடத்துலயே இருங்க. எமோஜியை முதல்ல நீங்க ஆரம்பிக்க வேண்டாம். அவர் போட்டா அர்த்தத்தை ஊகிக்காம கேளுங்க. சிரிக்கிற முகத்தை அழுகைக்கு மூடியா போடறவங்க உண்டு.

எல்லா ஊடகத்துலயும் ஒரே ஆளா இருக்கோமான்னு பார்க்க ஒரு வழி. ஒரே மாதிரியான ஒரு தருணத்தை எடுத்துக்கோங்க, உதாரணமா க்ளையன்ட் "நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"னு கேக்கற இடம். வீடியோவுல என்ன செஞ்சீங்க, அரட்டையில என்ன செஞ்சீங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சொற்கள் மாறலாம். நோக்கமே மாறியிருந்தா, அதாவது வீடியோவுல அந்தக் கேள்வியை அவரோட சேர்ந்து ஆராய்ஞ்சுட்டு, அரட்டையில அஞ்சு வழிமுறை எழுதி அனுப்பியிருந்தா, சூப்பர்விஷனுக்குக் கொண்டுபோக வேண்டிய இடம் அதுதான்.

போர்டின் 1979-ல பணியுறவுக்கு, அதாவது ஆலோசகரும் க்ளையன்ட்டும் சேர்ந்து வேலை செய்யற உறவுக்கு, மூணு கூறு சொன்னார்: இலக்கு, செயல்முறை, பிணைப்பு. அரட்டையில பிணைப்புதான் பலவீனமா இருக்கும்னு எல்லாரும் பயப்படறாங்க. பெரும்பாலும் உடையறது செயல்முறையிலதான். க்ளையன்ட் உடனடி விடைக்கு வந்திருப்பார், நீங்க ஆராயறதுக்கு உட்கார்ந்திருப்பீங்க. முதல் செஷன்லயே இதை வெளிப்படையா பேசி ஒத்துக்கிட்டா, சேவை மையத்துல இருக்கிற உணர்வு பாதி போயிடும்.

---

பதில்: ஆழிவிளக்கு

நட்சத்திரத்தைப் பற்றி நிழல்மரம் சொன்னதில் பாதியை மட்டும் ஏற்கிறேன். நட்சத்திரம் மோசமான அளவுகோல் என்பது சரி. ஆனால் க்ளையன்ட்டின் கருத்தை விட்டுவிட்டுச் சொந்த எடைபோடலையும் சூப்பர்வைசரையும் மட்டும் நம்பினால், ஆலோசகர் தன்னைப் பற்றித் தவறான நம்பிக்கையோடு வருடக்கணக்கில் இருந்துவிடலாம். தளத்தின் அளவுகோலுக்குப் பதிலாக நல்ல அளவுகோல் ஒன்றை நீங்களே கொண்டுவாருங்கள்.

மில்லர், டங்கன் குழுவினர் உருவாக்கிய செஷன் மதிப்பீட்டு அளவுகோலில் நான்கே கேள்விகள்: கேட்கப்பட்டதாகவும் மதிக்கப்பட்டதாகவும் உணர்ந்தாரா, பேச விரும்பியதைப் பேசினாரா, அணுகுமுறை அவருக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் எப்படி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 10 செ.மீ. கோடு; க்ளையன்ட் அதில் குறி போடும் இடத்தின் செ.மீ. அளவே மதிப்பெண், மொத்தம் 40. மொத்தம் 36-க்குக் கீழே வந்தால் அந்தச் செஷனிலேயே அதைப் பற்றிப் பேசவேண்டும். அதனால் முடிவுக்குச் சில நிமிடம் முன்பாகவே கொடுங்கள். முடிந்தபின் இணைப்பாக அனுப்பினால் இந்த முறைக்கே அர்த்தமில்லை.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. முதல் செஷனிலிருந்தே 40-க்கு 40 வந்துகொண்டிருந்தால் மகிழ வேண்டாம். பெரும்பாலும் அது மரியாதை மதிப்பெண். "குறைவாகப் போட்டால் எனக்கு உதவியாக இருக்கும், அடுத்த முறை எதை மாற்றுவது என்று தெரியும்" என்று சொல்லிக் கேளுங்கள். மதிப்பெண் இறங்கி, அதைப் பேசித் திரும்ப ஏறும் இடத்தில்தான் உறவு வலுப்படுகிறது. குறைந்த எண்ணைக் கண்டு குலையாமல் "எது பொருந்தவில்லை?" என்று கேட்க முடிவதே அடையாளம் ஊன்றிவருவதற்கு நல்ல அறிகுறி என்பேன்.

சக ஆலோசகர்கள் இல்லாத குறைக்கு நான்கைந்து பேர் கொண்ட குழு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 90 நிமிடம். ஒரு கூட்டத்தில் இரண்டு கேஸ், அதற்குமேல் வேண்டாம். கேஸ் சொல்பவர் 10 நிமிடம் பேசுவார்; அடுத்த 10 நிமிடம் மற்றவர்கள் தெளிவுக்கான கேள்வி மட்டும் கேட்பார்கள்; பிறகு அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க மற்றவர்கள் விவாதிப்பார்கள்; கடைசியில் எதை எடுத்துக்கொள்கிறார் என்று அவர் சொல்வார். இந்த ஒழுங்கு இல்லாத குழுக்கள் சீக்கிரமே தளத்தைக் குறைசொல்லும் இடமாக மாறிவிடுகின்றன. இன்னொன்று, கேஸ் விவரங்களைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருபோதும் எழுதாதீர்கள். பெயரை நீக்கினாலும் நிகழ்ச்சிகளை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அதுவும் தானாகக் காப்புப்பிரதி ஆகும் கைப்பேசியில்.

சுயவிவரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தளம் தரும் பிரச்சினைப் பட்டியலில் எல்லாக் கட்டத்தையும் டிக் செய்தால் க்ளையன்ட்டுகள் அதிகம் வருவார்கள். ஆனால் யாருக்கும் சரியாகப் பொருந்தமாட்டீர்கள். ஒரு கட்டத்தை டிக் செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பிரச்சினையோடு ஒருவர் வந்தால் முதல் மூன்று செஷனில் என்ன செய்வேன், ஏன் என்று சூப்பர்வைசரிடம் சொல்ல முடியுமா? முடியாததை விட்டுவிடுங்கள். படித்தது என்ன; சூப்பர்வைசரின் பெயரைச் சொல்லாவிட்டாலும் சூப்பர்விஷனில் இருக்கிறீர்கள் என்பது; எந்த அணுகுமுறை; எதை எடுத்துக்கொள்வதில்லை: இவ்வளவு போதும். தனிப்பட்ட சமூக ஊடகக் கணக்கும் தொழில் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். அமெரிக்க கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறைத் தொகுப்பில் தொலைநிலை கவுன்சலிங், தொழில்நுட்பம், சமூக ஊடகத்துக்கென்றே எச் என்ற தனிப் பகுதி இருக்கிறது; இந்தப் பிரிப்பை அதுவும் கேட்கிறது. க்ளையன்ட்டின் இணையப் பக்கங்களை அவர் ஒப்புதல் இல்லாமல் பார்க்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் பகுதியை ஒருமுறை வாசியுங்கள். உங்களுக்கும் க்ளையன்ட் இருக்கும் இடத்துக்கும் பொருந்தும் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

---

கரைவழி:

மிக்க நன்றி. மூன்று வாக்கியம் எழுதும் பழக்கத்தை அடுத்த சூப்பர்விஷனிலேயே தொடங்குகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். வீடியோவில் நாளுக்கு நான்கு செஷன் முடிந்தாலே கவனம் கலைந்து, ஆலோசகராக இருப்பதே நடிப்பு போலத் தோன்றுகிறது, அது ஏன்? செஷன்களுக்கு இடையே எந்நேரமும் செய்தி வருகிறது. உடனே பதில் போடாவிட்டால் குற்ற உணர்வு, போட்டால் அசதி.

---

பதில்: ஆழிவிளக்கு

நடிப்பு போலத் தோன்றுவதற்கு முதல் காரணம் உங்கள் முகமே திரையில் உங்களுக்குத் தெரிவது. பெய்லன்சன் 2021-இல் வீடியோ சந்திப்பு அசதிக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக நெருக்கத்தில் ஓயாத கண்பார்வை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, உடல் அசையாமல் இருப்பது, சைகைகளை அனுப்பவும் படிக்கவும் கூடுதலாக ஆகும் மன உழைப்பு. நான்குக்கும் மாற்று உண்டு. சட்டகம் சரியாக இருக்கிறதா என்று தொடக்கத்தில் பார்த்துவிட்டு உங்கள் படத்தை மறைத்துவிடுங்கள். முழுத்திரையை விட்டு, க்ளையன்ட்டின் சாளரத்தைச் சிறிதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே வையுங்கள். கேமரா கண்மட்டத்தில், நீங்கள் ஒரு கைநீளத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி, கைகளும் தெரியும்படி உட்காருங்கள். செஷனுக்கும் செஷனுக்கும் இடையே குறைந்தது 15 நிமிடம், அதில் எழுந்து நடக்கவேண்டும். குறிப்பெழுதும் நேரம் அதில் சேராது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணம் ஒலித் தாமதம். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடியைத் தாண்டினால் பேச்சின் முறைமாற்றம் தடுமாறத் தொடங்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். போதாததற்கு, பல செயலிகள் எதிரொலியை அடக்கும்போது ஒருவர் குரலைக் குறைத்துவிடுகின்றன. நீங்கள் பழக்கத்தில் போடும் "ம்... ம்..." க்ளையன்ட்டின் சொல்லையே வெட்டலாம். வீடியோவில் தலையசைப்புக்கு மாறுங்கள். தொலைபேசியில் "ம்" தேவை, ஆனால் வாக்கிய முடிவில் மட்டும். காதொலிப்பான் இருவருக்கும் இருந்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

செய்திகளுக்கு வருகிறேன். எந்நேரமும் கிடைப்பவர் என்ற அடையாளத்தைத் தளம் தன் வசதிக்காக உங்களுக்குத் தைத்துத் தந்திருக்கிறது. அதை மாற்ற ஒரு பக்க ஆவணம் எழுதுங்கள், முதல் செஷனில் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். செய்திகளை நாளுக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில் பார்ப்பீர்கள். பதில் எத்தனை மணி நேரத்துக்குள் வரும். இருவருக்கும் நேர மண்டலம் வேறென்றால் எந்தக் கடிகாரம். இணைப்பு அறுந்தால் எத்தனை நிமிடம் காத்திருந்து யார் யாரை எந்த எண்ணில் அழைப்பது. உயிராபத்து என்றால் அவர் இருக்கும் இடத்தில் எந்த அவசர எண், அவருக்கு அருகிலிருக்கும் எந்த நபரை நீங்கள் அழைக்கலாம். ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் இப்போது எங்கே இருக்கிறார், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். போன வாரம் இருந்த இடத்திலேயே இந்த வாரமும் இருப்பார் என்பது நிச்சயமில்லை. அவசர ஏற்பாடெல்லாம் இருக்கும் இடத்தை வைத்துத்தான்.

---

பதில்: மசிமுனை

இடையில வர்ற செய்திக்கு ஒரு மாதிரி தர்றேன். உங்க நடைக்கு மாத்திக்கோங்க:

"வாசிச்சேன். இது ரெண்டு வரியில பேசி முடிக்கிற விஷயம் இல்ல, வியாழக்கிழமை செஷன்ல முதல்ல இதையே எடுத்துப்போம். அதுவரைக்கும் பாதுகாப்பா இருக்கீங்களா? இல்லன்னா நாம பேசி வச்ச அவசர எண்ணைக் கூப்பிடுங்க."

இதுல மூணு வேலை நடக்குது: கிடைச்சுதுன்னு தெரியுது, எப்போ பேசுவோம்னு தெரியுது, ஆபத்து இருக்கான்னு கேட்டாச்சு. செய்தியிலயே கவுன்சலிங் ஆரம்பிச்சா அது முடியாது. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே பதில் போடற பழக்கமும் வேண்டாம். 24 மணி நேரம்னு சொல்லிட்டு 10 நிமிஷத்துல போட்டா, க்ளையன்ட்டுக்கு உண்மையான விதி 10 நிமிஷம்னு ஆயிடும். அப்புறம் ஒருநாள் 20 மணி நேரம் ஆனா அது கைவிடலா தெரியும். ஆபத்துக்கான குறி இருந்தா மட்டும் இந்த விதி எல்லாத்தையும் விட்டுட்டு, ஒப்புக்கிட்ட அவசர வழிப்படி உடனே செயல்படுங்க. அன்னைக்கே சூப்பர்வைசருக்கும் சொல்லிடுங்க, குறிப்புல நேரத்தோட எழுதி வைங்க.